காலை யூரினும் ஒரு நோட்டும்: குழந்தைக்கு நெஃப்ரோடிக் என்று சொன்ன பிறகு வீட்டில் செய்ய வேண்டியவை

உங்கள் குழந்தைக்கு நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்று டாக்டர் சொல்லிச் சில நாள்தான் ஆகியிருக்கும். கிட்னி என்ற சொல்லைக் கேட்டதுமே டயாலிசிஸ் வரைக்கும் மனம் ஓடியிருக்கும். எனக்கும் ஓடியது. என் மகனுக்கு மூன்றரை வயதில் வந்தது, இப்போது ஒன்பது முடிந்துவிட்டது. நடுவில் ஆறு முறை திரும்பி வந்தது. முதல் இரண்டு முறை முகம் வீங்கி, வயிறு உப்பி, ஆஸ்பத்திரியில் படுத்தோம். அதற்குப் பிறகு வந்த நான்கு முறையும் வீக்கம் தொடங்குவதற்கு முன்பே கண்டுபிடித்தோம், ஒரு நாள்கூட அட்மிட் ஆகவில்லை. இடையில் மாறியது ஒன்றுதான். தினமும் காலையில் யூரினைப் பார்த்து ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தோம். இந்தக் கட்டுரையில் பாதி அந்த நோட்டைப் பற்றித்தான் இருக்கும்.

நான் டாக்டர் இல்லை. கீழே உள்ளவை எங்கள் டாக்டர் சொல்லிக் கொடுத்ததும் ஐந்தரை வருடம் வீட்டில் செய்து பழகியதும். மருந்தின் அளவை மட்டும் எந்தக் கட்டுரையைப் பார்த்தும் மாற்றாதீர்கள், இதையும் சேர்த்துத்தான்.

முதலில், என்ன நடக்கிறது

எங்கள் வீட்டில் இது கண்ணில்தான் தொடங்கியது. காலையில் எழுந்தால் இமை தடித்திருக்கும், மத்தியானத்துக்குள் வடிந்துவிடும். கொசுக்கடி என்றோம், தூசி என்றோம். பக்கத்து கிளினிக்கில் அலர்ஜி என்று கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். "பிள்ளை நல்லா பூசினாப்பல இருக்கான்" என்று அத்தை சந்தோஷப்பட்டார். பத்தாவது நாள் குளிப்பாட்டும்போது ஜட்டியின் எலாஸ்டிக் இடுப்பில் ஆழமாகத் தடம் பதித்திருந்தது. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. யூரின் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்தது. அன்றுதான் யூரின் டெஸ்ட் எடுத்தோம், புரோட்டீன் நான்கு பிளஸ், அதாவது மிக அதிகம்.

சிறுநீரகத்தைச் சல்லடை என்று நினைத்துக்கொள்ளுங்கள். கழிவும் தண்ணீரும் கீழே இறங்கும், ரத்தத்தில் இருக்கும் புரதம் மேலே தங்கும். இந்த நோயில் சல்லடைக் கண்கள் தளர்ந்துபோய் அல்புமின் என்ற புரதம் யூரினில் வெளியேறுகிறது. ரத்தக் குழாய்க்குள் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது இந்த அல்புமின்தான். அது குறைந்ததும் தண்ணீர் கசிந்து இமையிலும் வயிற்றிலும் காலிலும் தேங்குகிறது. ஆண் குழந்தைகளுக்கு விதைப்பையும் வீங்கும், பயந்துவிடாதீர்கள், அதுவும் அதே நீர்தான்.

பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் வருகிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம். ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. கர்ப்பத்தில் நீங்கள் சாப்பிட்டதாலோ, பிள்ளைக்கு ஊட்டியதாலோ, ஊட்டாததாலோ வந்தது இல்லை. இந்தக் கடைசி வரியை நான் மூன்று டாக்டர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். யாராவது உங்களைக் குற்றம் சொன்னால் இதைக் காட்டுங்கள்.

ரிப்போர்ட்டில் நான்கு எண்களைப் பாருங்கள். அல்புமின் குறைந்திருக்கும். கொலஸ்ட்ரால் எகிறியிருக்கும், எண்ணெய் சாப்பிட்டதால் இல்லை, அல்புமின் இழப்பை ஈடுகட்டக் கல்லீரல் பாடுபடுவதன் பக்க விளைவு. யூரின் புரோட்டீன் கிரியேட்டினின் விகிதம் சாதாரணமாக 0.2-க்குக் கீழே இருக்க வேண்டியது, 2-ஐத் தாண்டியிருக்கும். நான்காவது, ரத்தத்தில் இருக்கும் கிரியேட்டினின் என்ற கழிவு. இது பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சரியாகவே இருக்கும். சல்லடை ஒழுகுகிறது, ஆனால் சிறுநீரகம் கழிவை அகற்றும் வேலையை நிறுத்தவில்லை என்று அர்த்தம். "கிட்னி ஃபெயிலியர்" என்று உறவுக்காரர்கள் சொல்வதும் இதுவும் வேறு வேறு.

ஸ்டீராய்டு மாதங்கள்

முதல் மருந்து பிரெட்னிசோலோன். ஸ்டீராய்டு என்றதும் நிறையப் பேர் மிரண்டு, "இங்கிலீஷ் மருந்து வேண்டாம்" என்று வேறு பக்கம் போகிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள். பத்துப் பிள்ளைகளில் எட்டு, ஒன்பது பேருக்கு இந்த ஒரு மருந்திலேயே புரோட்டீன் நின்றுவிடுகிறது. இந்தியாவில் குழந்தைகள் சிறுநீரக மருத்துவர்கள் வழக்கமாகப் பின்பற்றும் முறைப்படி, முதல் தடவை கிலோவுக்கு 2 மில்லிகிராம் கணக்கில் தினமும் ஆறு வாரம், அப்புறம் 1.5 மில்லிகிராமாகக் குறைத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆறு வாரம். எந்த எடையை வைத்துக் கணக்கிடுவது என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார், ஏனென்றால் வீங்கியிருக்கும்போது மெஷின் காட்டுவதில் சில கிலோ வெறும் தண்ணீர்.

காலையில், சாப்பிட்ட பிறகு கொடுங்கள். மாத்திரை கடுமையாகக் கசக்கும். நசுக்கி வாழைப்பழத்தில் வைத்தால் என் மகன் விழுங்கிவிடுவான், தேனில் குழைத்தால் துப்பிவிடுவான். உங்கள் பிள்ளைக்கு எது சரிவரும் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். கொடுத்த கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்க வேண்டுமா, எத்தனை நிமிடத்துக்குள் என்றால் கொடுக்க வேண்டும் என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். இரவு பதினொரு மணிக்கு யோசிக்கிற விஷயம் இல்லை அது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கும் கட்டம் வந்ததும் நான் ஒரு தப்பு செய்தேன். "ஒற்றைப்படைத் தேதியில் மாத்திரை" என்று மனதில் வைத்துக்கொண்டேன். 31-ஆம் தேதி கொடுத்தேன், மறுநாள் 1-ஆம் தேதியும் கொடுத்துவிட்டேன். இப்போது தினசரி காலண்டரில் மாத்திரை நாட்களுக்கு முன்கூட்டியே சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுவிடுகிறேன். அன்றைய தாளைக் கிழிக்கும்போதே தெரிந்துவிடும், அத்தையும் பார்த்துக் கொடுத்துவிடுவார்.

பக்க விளைவு வரும், அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. கன்னம் உருண்டுவிடும். நடு ராத்திரியில் எழுந்து சோறு கேட்பான். சின்ன விஷயத்துக்குக் கத்துவான், அடிப்பான், அப்புறம் அழுவான். அது அவன் குணம் இல்லை, மருந்து. இந்த ஒன்றை எனக்கு முதல் மாதமே யாராவது சொல்லியிருந்தால் அவனை நான் அத்தனை திட்டியிருக்க மாட்டேன். அளவு குறையக் குறைய எல்லாம் அடங்கிவிடும். நீண்ட நாள் சாப்பிடுகிற பிள்ளைகளுக்கு ரத்த அழுத்தம், உயரம், கண் மூன்றையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். டாக்டர் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள். கண்ணில் புரை வரக்கூடும் என்பதால் வருடம் ஒரு முறை கண் டாக்டரிடம் போவது நல்லது.

கன்னத்தைப் பார்த்துப் பயந்து மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக்கூடாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் பிள்ளை மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். பல் பிடுங்கப் போனாலும், கீழே விழுந்து அடிபட்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் "ஸ்டீராய்டு சாப்பிடுகிற பிள்ளை" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நான் ஒரு அட்டையில் எழுதி லேமினேட் செய்து அவன் பையில் போட்டிருக்கிறேன்.

நோட்டு

கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று வாங்குங்கள். தனித்தாள் வேண்டாம், செல்போனில் மட்டும் வைப்பதும் வேண்டாம். போன் தொலையும், டாக்டர் அறையில் தேடிக்கொண்டிருக்க முடியாது, நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அத்தையோ மாமாவோ எழுத வேண்டியிருக்கும்.

வரிசை இவ்வளவுதான்: தேதி, காலை எடை, புரோட்டீன், கொடுத்த ஸ்டீராய்டு, மற்ற மருந்து, குறிப்பு. குறிப்பில் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கல்யாணச் சாப்பாடு, தடுப்பூசி எல்லாம் வரும். எங்கள் நோட்டைப் புரட்டினால் அதில் பதிவான நான்கு ரிலாப்ஸில் (நோய் திரும்பி வருவதை இப்படிச் சொல்வார்கள்) பெரும்பாலானவற்றுக்கு முந்தைய வாரத்தில் "மூக்கு ஒழுகுது" என்று இருக்கிறது. சளிக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவை டாக்டர் வாயால் கேட்டிருந்தேன், ஆனால் என் கையெழுத்தில் பார்த்தபோதுதான் உறைத்தது.

இனி சோதனை. எழுந்ததும் போகும் முதல் யூரினைத்தான் எடுக்க வேண்டும். ஓடியாடிய பிறகு எடுத்தால் புரோட்டீன் கொஞ்சம் கூடக் காட்டலாம். மருந்துக் கடையில் புரோட்டீன் பார்க்கும் ஸ்ட்ரிப் டப்பா கேளுங்கள். சர்க்கரையும் சேர்த்துப் பார்க்கிற வகை கிடைத்தாலும் நல்லது, ஸ்டீராய்டு சாப்பிடும்போது அதுவும் தெரிய வேண்டியதுதான். ஒரு சுத்தமான சின்னக் கப்பில் பிடித்து, ஸ்ட்ரிப்பை நனைத்து உடனே எடுத்து, விளிம்பைக் கப்பில் தட்டி அதிகத் துளியை உதறி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருங்கள், பெரும்பாலும் 60 விநாடி. அப்புறம் டப்பாவின் வண்ணக் கட்டங்களோடு ஒப்பிடுங்கள். மஞ்சளாகவே இருந்தால் "நில்", அதாவது புரோட்டீன் இல்லை. பச்சை ஏற ஏற டிரேஸ் (மிகக் கொஞ்சம்), ஒரு பிளஸ், இரண்டு பிளஸ். நீலப்பச்சைக்குப் போனால் மூன்று, நான்கு. ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப் லைட்டில் ஒரு பிளஸ்ஸும் இரண்டு பிளஸ்ஸும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிந்தன. நேரம் தாண்டிப் பார்த்தாலும் நிறம் ஏமாற்றும்.

ஸ்ட்ரிப்புக்கு ஈரம் ஆகாது. பாத்ரூமில் வைக்காதீர்கள், பிரிட்ஜிலும் வைக்காதீர்கள். எடுத்த கையோடு மூடியை அழுத்தி மூடுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைத் தூக்கி எறியாதீர்கள்.

ஸ்ட்ரிப் வாங்குவது சுமையாக இருந்தால் சல்ஃபோசாலிசிலிக் ஆசிட் கரைசல் இருக்கிறது, பல அரசு ஆஸ்பத்திரிகளில் இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் யூரின் எடுத்து, நர்ஸ் சொன்ன அளவில் சொட்டு விட்டு, பின்னால் செய்தித்தாளைப் பிடித்துப் பார்க்க வேண்டும். தெளிவாக இருந்தால் நில். லேசாகக் கலங்கினாலும் எழுத்தைப் படிக்க முடிந்தால் ஒரு பிளஸ். எழுத்து இருப்பது தெரிகிறது ஆனால் படிக்க முடியவில்லை என்றால் இரண்டு. ஒன்றுமே தெரியாமல் வெளுத்துவிட்டால் மூன்று. மோர் திரிந்த மாதிரி திப்பி திப்பியாக இறங்கினால் நான்கு. ஆசிட்டைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், குடித்துவிடக்கூடாது.

எண்ணைப் பார்த்து என்ன செய்வது? இரண்டு கணக்கு மட்டும் மனதில் இருந்தால் போதும். தொடர்ந்து மூன்று நாள் நில் அல்லது டிரேஸ் வந்தால் நோய் அடங்கியது என்று பொருள், இதை ரெமிஷன் என்பார்கள். அடங்கியிருந்த பிள்ளைக்குத் தொடர்ந்து மூன்று காலை மூன்று பிளஸ்ஸோ அதற்கு மேலோ வந்தால் ரிலாப்ஸ். ஒரு நாள் இரண்டு பிளஸ் வந்ததும் கதி கலங்க வேண்டாம். காய்ச்சலின்போது ஒன்று, இரண்டு என்று ஏறி, காய்ச்சல் விட்டதும் தானாக இறங்கிவிடும், எங்கள் வீட்டில் அப்படிப் பல முறை நடந்திருக்கிறது. ஆனால் மூன்றாவது காலையும் மூன்று பிளஸ் என்றால் அன்றே டாக்டருக்குப் போன். "முகம் வீங்கவில்லையே, இரண்டு நாள் பார்ப்போம்" என்று தள்ளிப் போடுகிற இடத்தில்தான் நாங்கள் முதல் இரண்டு முறை மாட்டினோம். வீக்கம் இந்த நோயின் முதல் அடையாளம் இல்லை, கடைசியில் வருவது. அதற்குப் பல நாள் முன்பே அல்புமின் ஒழுகத் தொடங்கியிருக்கும்.

முதல் வருடம் தினமும் பாருங்கள். ரொம்ப நாள் அமைதியாக இருந்தால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும் என்று டாக்டரே சொல்வார். சளி, காய்ச்சல் என்றால் மறுபடி தினமும்.

எடையையும் அதே மெஷினில், யூரின் போன பிறகு, சாப்பிடும் முன் பாருங்கள். மூன்று நாளில் ஒரு கிலோ ஏறினால் அது சதை இல்லை.

சாப்பாடு

இதில்தான் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் கேட்ட ஆலோசனைகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். உண்மையில் முக்கியமானது உப்பு ஒன்றுதான்.

வீக்கம் இருக்கும் நாட்களிலும் ஸ்டீராய்டு அதிகமாக இருக்கும் நாட்களிலும் உப்பைக் குறைக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், வற்றல், வடகம், மோர் மிளகாய், கருவாடு, சிப்ஸ், பாக்கெட் நூடுல்ஸ், பேக்கரிப் பண்டம் எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். பிள்ளைக்கு மட்டும் மறுத்து மற்றவர்கள் அவன் முன்னால் நொறுக்கினால் நடக்காது. ஆப்பச் சோடாவிலும் சோடியம் இருக்கிறது. இந்துப்பு நல்லது என்று ஒருவர் கிலோக் கணக்கில் வாங்கி வந்து கொடுத்தார். அதுவும் கல்லுப்பும் தூள் உப்பும் சோடியத்தில் ஒன்றுதான். "லோ சோடியம்" என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் கலந்திருக்கும், சிறுநீரகப் பிள்ளைகளுக்கு டாக்டரைக் கேட்காமல் அதைக் கொடுக்கவே கூடாது.

நான் செய்வது இப்படி. குழம்பு கொதித்து இறக்கும்போது உப்பு போடுவதற்கு முன்னால் அவன் பங்கைத் தனியே எடுத்துவிடுவேன். அதில் எலுமிச்சைச் சாறு, மிளகு, சீரகம், கொத்தமல்லி தாராளமாகச் சேர்ப்பேன். இட்லி மாவிலும் உப்பு போடுவதற்கு முன்னால் ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிடலாம். முதல் வாரம் முகத்தைச் சுளித்தான், மூன்றாவது வாரம் பழகிவிட்டது. நோய் அடங்கிய பிறகு வீட்டுச் சாப்பாட்டில் அளவான உப்பு போதும், ஆயுசு முழுக்கச் சப்பென்று சாப்பிட வேண்டியதில்லை.

புரதம் ஒழுகுகிறதே என்று புரோட்டீன் பவுடர் கரைத்துக் கொடுப்பவர்களும் உண்டு, சிறுநீரகத்துக்கு ஆகாது என்று முட்டையையும் பருப்பையும் நிறுத்துபவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். அந்த வயதுப் பிள்ளை சாதாரணமாகச் சாப்பிடும் அளவுக்குப் பருப்பு, முட்டை, மீன், தயிர் போதும். ராத்திரிப் பசிக்கு உப்பில்லாத சுண்டல், அவித்த முட்டை, வெள்ளரிக்காய், கொய்யா வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்கட் டப்பாவைக் கண்ணில் படாமல் வைப்பது உங்கள் சாமர்த்தியம்.

தண்ணீரைக் குறைக்கலாமா? டாக்டர் சொல்லாமல் குறைக்காதீர்கள். உடம்பு வீங்கியிருந்தாலும் ரத்தக் குழாய்க்குள் தண்ணீர் குறைவாக இருக்கலாம், அந்த நேரத்தில் தாகத்துக்குத் தடை போட்டால் ஆபத்து. நீர் பிரிக்கும் மாத்திரையும் அதே காரணத்தால் டாக்டர் கையில்தான் இருக்க வேண்டும்.

வாழைத்தண்டுச் சாறு, நீர்முள்ளிக் கஷாயம், பக்கத்து ஊர் வைத்தியரின் பொடி எல்லாம் எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் வந்தன. அன்பாகத்தான் கொண்டு வருகிறார்கள், வாங்கி வைத்துக்கொண்டு நன்றி சொன்னேன், பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. பாதரசம் போன்ற உலோகம் கலந்த மருந்துகள் சிறுநீரகச் சல்லடையையே கெடுத்துப் புரோட்டீன் ஒழுகச் செய்யக்கூடியவை. பெரியவர்களிடம் நாட்டு மருந்துக்கும் இப்படிப்பட்ட ஒரு சிறுநீரக நோய்க்கும் தொடர்பு இருப்பதை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடியை ஏற்கெனவே ஒழுகும் சிறுநீரகத்தில் சோதிக்க வேண்டாம்.

காய்ச்சல், அம்மை, சொட்டு மருந்து

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், எடைக்கேற்ற அளவில். ஐபுபுரூஃபன், மெஃபெனமிக் ஆசிட், டைக்ளோஃபெனாக் சேர்ந்த மருந்துகள் சிறுநீரகத்துக்கு ஆகாதவை. இரண்டு மருந்து கலந்த காய்ச்சல் சிரப்புகள் கடையில் கேட்காமலே கொடுப்பார்கள், பாட்டிலைத் திருப்பி அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

அம்மையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் அம்மை போட்டால் வேப்பிலை கட்டி, வெளியே சொல்லாமல், மருந்து கொடுக்காமல் வீட்டோடு வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த நம்பிக்கையோடு நான் சண்டை போடவில்லை, எங்கள் வீட்டு வாசலிலும் வேப்பிலை தொங்கியிருக்கிறது. ஆனால் ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளைக்குச் சின்னம்மை நுரையீரல் வரைக்கும் போய்விடலாம். ஏற்கெனவே அம்மை வராத, ஊசியும் போடாத பிள்ளை அம்மை கண்ட ஒருவர் பக்கத்தில் இருந்துவிட்டால், கொப்புளம் வரும் வரை காத்திருக்காமல் அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள். தடுப்பதற்கு மருந்து உண்டு, முதல் சில நாட்களுக்குள் கொடுத்தால்தான் நன்றாகப் பலன் தரும். எங்கள் தெருவில் நான்கு வீட்டுக்காரர்களிடம் போய், "உங்க வீட்டில யாருக்காவது அம்மை போட்டா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று கேட்டு வைத்தேன். இரண்டு முறை அப்படித் தகவல் வந்தது.

தடுப்பூசியில் நிமோனியாக் கிருமிக்கான நியூமோகாக்கல் ஊசியும் வருடா வருடம் ஃப்ளூ ஊசியும் இந்தப் பிள்ளைகளுக்கு அவசியம். சின்னம்மை, எம்.எம்.ஆர். போன்ற உயிருள்ள கிருமி ஊசிகளை ஸ்டீராய்டு அதிகமாக இருக்கும்போது போடக்கூடாது, அடங்கிய பிறகு டாக்டர் நாள் குறிப்பார். போலியோ சொட்டு முகாமில்தான் தவறிவிடும். ஞாயிற்றுக்கிழமை பூத்தில் கூப்பிட்டு வாயில் விட்டுவிடுவார்கள். அதுவும் உயிருள்ள கிருமிதான். இந்தப் பிள்ளைக்கும், கூட இருக்கும் தம்பி தங்கைக்கும் சொட்டு மருந்துக்குப் பதிலாகப் போலியோ ஊசி வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பூத்தில் இருப்பவர்களிடம் காரணம் சொன்னால் குறித்துக்கொள்வார்கள்.

யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய நேரங்கள்

வயிற்று வலியோடு காய்ச்சல், அதுவும் வயிறு வீங்கியிருக்கும்போது. தேங்கிய நீரில் கிருமி புகுந்திருக்கலாம், விடியும் வரை காத்திருக்கக்கூடாது. தோல் ஓர் இடத்தில் சிவந்து, சூடாகி, தொட்டால் வலிப்பது. ஒரு கால் மட்டும் மற்றதைவிட வீங்கி வலிப்பது, கடும் தலைவலியோடு வாந்தி, வலிப்பு, மூச்சு வாங்குவது. இந்த நோயில் ரத்தம் சுலபமாக உறையும் என்பதால் இவை ரத்தக் கட்டியின் அடையாளமாக இருக்கலாம். யூரின் மிகக் குறைந்துபோவது, கை கால் சில்லிட்டுப் பிள்ளை துவண்டு கிடப்பது. விடாத வாந்தியால் ஸ்டீராய்டு உள்ளே தங்காமல் போவது. வண்டி இல்லை என்றால் 108. நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், டியூட்டி டாக்டர் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அதில் பதில் இருக்கும்.

பள்ளிக்கூடம்

வகுப்பு ஆசிரியைக்கு ஒரு பக்கம் கடிதம் எழுதிக் கொடுங்கள். நான் எழுதியது நான்கு விஷயம்: இது தொற்று இல்லை, யூரினுக்குக் கேட்டால் உடனே அனுப்புங்கள், வகுப்பில் யாருக்காவது அம்மை என்றால் அன்றே எனக்குப் போன் செய்யுங்கள், முகம் உருண்டிருப்பது மருந்தால், கேலி நடந்தால் கவனியுங்கள். விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கச் சொல்லவில்லை, அடங்கியிருக்கும் பிள்ளை மற்றவர்களைப் போல ஓடலாம். "பூரி" என்று கூப்பிட்டிருக்கிறார்கள் அவனை, ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னான். ஆசிரியை அதை நிறுத்திய விதம் எனக்குப் பிடித்திருந்தது. அவன் இல்லாத நேரத்தில் மற்றப் பிள்ளைகளிடம் மாத்திரையைப் பற்றி எளிமையாக விளக்கினார், யாரையும் தண்டிக்கவில்லை.

வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால் அவளையும் பாருங்கள். என் மகள் ஒரு நாள் தனக்கும் யூரின் டெஸ்ட் செய்யச் சொன்னாள். அவளுக்கு நோய் பயம் இல்லை, காலையில் அந்த ஐந்து நிமிடம் நான் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று ஆசை. இப்போது 60 விநாடி எண்ணுவது அவள் வேலை.

பணமும் ஆஸ்பத்திரியும்

பிரெட்னிசோலோன் விலை குறைந்த மருந்து. செலவு வைப்பது போக்குவரத்து, ரத்தப் பரிசோதனை, அட்மிஷன், பின்னால் தேவைப்பட்டால் அடுத்தகட்ட மருந்துகள். குழந்தைகள் சிறுநீரகத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கும் இடத்தில் ஒரு முறையாவது காட்டிவிடுங்கள். சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் இருக்கிறது, வேலூர் சி.எம்.சி.யில் இருக்கிறது. அங்கே ஒரு திட்டம் போட்டு வாங்கிக்கொண்டு மாதாந்திரப் பார்வையை உங்கள் ஊர்க் குழந்தை மருத்துவரிடம் தொடரலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுத்து வையுங்கள். ரேஷன் கார்டில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் அவசர நேரத்தில் அதுவே தடையாகிவிடும். அடிக்கடி வாங்கும் மாத்திரைகளுக்கு மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் போன்ற கடைகளில் விலை விசாரியுங்கள்.

திரும்பத் திரும்ப வந்தால்

முதல் ரிலாப்ஸ் வந்தபோது நாங்கள் எதிலோ தோற்றுவிட்டதாக நினைத்தேன். ஸ்டீராய்டுக்கு நன்றாகக் கேட்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு முறையாவது திரும்பி வரும் என்று அப்புறம்தான் தெரிந்தது. ரிலாப்ஸுக்குத் தரும் ஸ்டீராய்டு முதல் தடவையைவிடக் குறைந்த நாட்கள்தான். தினசரி அளவு, மூன்று நாள் நில் அல்லது டிரேஸ் வரும் வரைக்கும். அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான்கு வாரம். அந்த மூன்று நாளை முடிவு செய்வதும் உங்கள் நோட்டுதான்.

வருடத்துக்கு மூன்று, நான்கு முறை வந்தால், அல்லது மாத்திரையைக் குறைத்தாலே வந்தால், ஸ்டீராய்டைக் குறைப்பதற்காக வேறு மருந்து சேர்ப்பார்கள். லெவாமிசோல், மைக்கோஃபினோலேட், சைக்ளோஃபாஸ்ஃபமைடு, டாக்ரோலிமஸ், ரிட்டுக்சிமாப் என்று பெயர்கள் கேட்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரத்தப் பரிசோதனை உண்டு. என் மகன் லெவாமிசோலில் ஒன்றரை வருடம் இருந்தான்.

ஆறு வாரம் தினமும் கொடுத்தும் புரோட்டீன் நிற்காத பிள்ளைகளும் உண்டு, பத்தில் ஒருவர், இருவர். அவர்களுக்கு ஊசியால் சிறுநீரகத்தில் துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி தேவைப்படும், சில சமயம் மரபணுப் பரிசோதனையும். அந்தப் பாதை கடினமானது, சிலருக்குக் காலப்போக்கில் சிறுநீரகம் பழுதடையும். அந்த நிலையில் உள்ள பெற்றோருக்கு என் அனுபவம் போதாது, குழந்தைகள் சிறுநீரக நிபுணரின் தொடர்ந்த கவனிப்பு வேண்டும். ஸ்டீராய்டுக்குக் கேட்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வளரும் பருவத்துக்குள் ரிலாப்ஸ் குறைந்து நின்றுவிடுகிறது, சிறுநீரகமும் கெடுவதில்லை. சிலருக்கு மட்டும் பெரியவர்களான பிறகும் தொடர்கிறது.

வெளியூர் போகும்போதும், பிள்ளை வளர்ந்த பிறகும்

ஒரு பை தயாராக இருக்கட்டும்: ஸ்ட்ரிப், சின்ன கப், போகும் நாட்களுக்கு இரண்டு மடங்கு மாத்திரை, பாராசிட்டமால், கடைசி டிஸ்சார்ஜ் தாளின் நகல், நோட்டு. குலதெய்வக் கோயிலுக்குப் போனால் ஆடிக் கூழும் கருவாட்டுக் குழம்பும் கிடைக்கும். அடங்கியிருக்கும் நாள் என்றால் கூழ் கொஞ்சம் குடிக்கட்டும், நோய் வந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் "வேண்டாம்" கேட்கும் பிள்ளைக்கு ஊரோடு உட்கார்ந்து ஒரு சொம்பு கூழ் குடிப்பது பெரிய விஷயம். மறுநாள் காலை வழக்கம்போல ஸ்ட்ரிப் பாருங்கள், எடை பாருங்கள்.

எட்டு வயது தாண்டினால் நோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளை கையில் கொடுக்கலாம். என் மகன் ஆறு மாதமாக அவனே நனைத்து, அவனே நிறம் பார்த்து எழுதுகிறான். ஸ்ட்ரிப்பை நான் பார்க்காமல் எறியக்கூடாது என்பது மட்டும் ஒப்பந்தம். கிரிக்கெட் மேட்ச்சுக்கு முந்தின நாள் இரண்டு பிளஸ்ஸை டிரேஸ் என்று எழுதினான் ஒரு முறை. திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பிளஸ்ஸுக்கு மேட்ச்சை யாரும் நிறுத்தப் போவதில்லை என்று சொன்னேன். அவனே பேனாவால் அடித்துத் திருத்தினான். அடுத்த மூன்று காலையும் டப்பாவை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு அவனே வந்தான், மூன்றாவது நாள் நில்.